கிரிஃபியின் ரூக்கி கார்டு வாங்கிய கதை

வணக்கம் நண்பர்களே. கையில் என்ன இருக்கிறது பாருங்கள். இருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். தோளில் சாய்த்த மட்டை, நீலத் தொப்பி, வாய் நிறைய சிரிப்பு. பேஸ்பால் வீரர் கென் கிரிஃபி ஜூனியரின் கார்டு, அப்பர் டெக் கம்பெனி 1989இல் வெளியிட்ட செட்டில் எண் 1. இன்று காலை சியாட்டில் பக்கத்தில் நடந்த ஒரு கார்டு ஷோவில் வாங்கினேன். ஒரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த கார்டு இது.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வீரர் பெரிய லீகுக்குள், அதாவது பேஸ்பாலின் உச்ச லீகுக்குள் நுழையும் சமயத்தில் வெளிவரும் கார்டுதான் ரூக்கி கார்டு. அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட்; 1987 டிராஃப்டில் கிரிஃபியை முதல் ஆளாக சியாட்டில் மரினர்ஸ் அணி எடுத்தது. இந்தக் கார்டு அச்சான நேரத்தில் அவர் பெரிய லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. அப்பர் டெக்குக்கும் அதுதான் முதல் வருடம். புது கம்பெனி, தன் முதல் செட்டின் முதல் கார்டில் 19 வயதுப் பையனை வைத்தது. படத்தில் அவர் போட்டிருப்பது உண்மையில் மரினர்ஸ் தொப்பியே இல்லை. சான் பெர்னார்டினோவில் சின்ன லீக் ஆடியபோது எடுத்த படம் அது. தொப்பியை மட்டும் மரினர்ஸ் தொப்பியாக மாற்றி வரைந்துவிட்டார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தப் பையன் பிறகு 630 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். 2016இல், சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு 440 பேர் ஓட்டுப் போட்டதில் 437 அவருக்கு விழுந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இது அரிய கார்டு இல்லை. கார்டின் நிலையைப் பார்த்து 10 வரை மதிப்பெண் போடுவதுதான் கிரேடிங்; அதைச் செய்யும் பி.எஸ்.ஏ. என்ற கம்பெனியிடம் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் போயிருக்கின்றன. அதில் 10 வாங்கியவை சில ஆயிரம்தான். காரணம் தெரியுமா? கார்டுகளைப் பெரிய தாளில் அச்சடித்து வெட்டுவார்கள். எண் 1 என்பதால் கிரிஃபி தாளின் மூலையில் உட்கார்ந்திருந்தார். தாளைத் தூக்கும்போதும் வெட்டும்போதும் முதலில் இடிபடுவது அந்த மூலைதான். அதனால் பேக்கிலிருந்து அப்போதுதான் பிரித்த கார்டிலேயே மூலை மழுங்கியிருக்கும், வெட்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

போன வருடம் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். படத்தில் பளிச்சென்று இருந்தது. கைக்கு வந்ததும் விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால், கீழ் இடது மூலையில் அட்டை வெள்ளையாகப் பிரிந்திருந்தது. விற்றவர் திருப்பி எடுக்கமாட்டேன் என்றுவிட்டார். பணம் போனதைவிட, ஆசையாகக் காத்திருந்த பொருள் இப்படி வந்ததுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அதனால் இன்றைக்கு அவசரப்படவே இல்லை. முதல் மேசையில் பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்த பி.எஸ்.ஏ. 9 இருந்தது. நல்ல கார்டுதான், ஆனால் என் பட்ஜெட்டுக்கு மேல். அடுத்த மேசையில் இருந்ததில் இடது ஓரம் தடிமன், வலது ஓரம் நூல் போல. வைத்துவிட்டேன். மூன்றாவது மேசையில் ஒரு பெரியவர், தான் 1989இல் பேக் பிரித்து எடுத்த கார்டுகளை ஷூ பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். உறையிலிருந்து எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவரே பூதக்கண்ணாடியைக் கொடுத்து, "நிதானமாகப் பாரு தம்பி" என்கிற மாதிரி தலையாட்டினார்.

நான்கு மூலையும் பார்த்தேன். மூன்று கூர்மை. மேல் வலது மூலையில் மட்டும் ஊசிமுனை அளவு தேய்வு. அப்புறம் திருப்பினேன். பின்பக்கம் ஒரு சின்ன ஹாலோகிராம் இருக்கும், பாருங்கள், சாய்த்தால் மினுங்குகிறது. போலிகளைத் தடுக்க அப்பர் டெக் அப்போதே வைத்தது. இந்தக் கார்டுக்குப் போலி நிறைய உண்டு, அதனால் ஹாலோகிராம் மங்கலாகத் தெரிந்தாலோ, முன்பக்க எழுத்தின் ஓரம் பூதக்கண்ணாடியில் கலங்கித் தெரிந்தாலோ வாங்காதீர்கள். பெரியவர் 70 டாலர் சொன்னார், 60க்குக் கேட்டேன், கொடுத்தார். இதை கிரேடிங்குக்கு அனுப்பப் போவதில்லை. இந்த மூலையோடு 10 வராது, எனக்கு அது வேண்டியதும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பையனிடம் காட்டினேன். அவன் லிட்டில் லீக், அதாவது சிறுவர் பேஸ்பால் ஆடுகிறான். கிரிஃபியும் அவர் அப்பாவும் 1990இல் ஒரே அணியில் ஆடினார்கள், செப்டம்பர் 14 அன்று அப்பா ஒரு ஹோம் ரன், அடுத்த ஆளாக வந்து மகன் ஒரு ஹோம் ரன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கார்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பாவோட கார்டு எங்கே?" என்றான்.

அது டாப்ஸ் என்ற கம்பெனியின் 1974 கார்டு, நான்கு புதுமுகங்கள் ஒரே கார்டில் இருப்பார்கள். அடுத்த ஷோவுக்கு அவனையும் அழைத்துக்கொண்டு போகிறேன்.