கோத்தகிரியைப் பன்னிரண்டு மாதமும் பாருங்கள்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் என் அன்பு வணக்கம்.

வெளியூர் நண்பர்கள் போன் செய்தால் முதலில் கேட்பது, "மே மாசம் கோத்தகிரி வரலாமா, ரூம் கிடைக்குமா?" என்பதுதான். தாராளமாக வாருங்கள். நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடக்கும். கோடநாடு காட்சிமுனையில் நின்றால் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கும் தெங்குமரஹாடா ஊரும் தெரியும். ஆனால் மே மாதத்தோடு திரும்பிவிடுகிறவர்களுக்கு எங்கள் ஊரின் முக்கால்வாசி தெரியாமலே போய்விடுகிறது. இந்த மலையில் முதலில் குடியேறியவர்கள் யார், அவர்கள் எதை வரைந்து வைத்தார்கள், எந்தப் பருவத்தில் எதைச் செய்கிறார்கள் என்பதெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்த விஷயங்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் மழை. நீலகிரிக்கு எல்லா இடத்திலும் ஒரே மழைக்காலம் என்று பலர் நினைக்கிறார்கள். ஜூன், ஜூலையில் கூடலூரும் தேவாலாவும் அவலாஞ்சியும் தென்மேற்குப் பருவமழையில் ஊறிக்கிடக்கும். அதே நாளில் கோத்தகிரியில் துணி காயும். நடுவில் 2,637 மீட்டர் உயரத்துக்கு நிற்கிற தொட்டபெட்டா மேகத்தை மறித்துக்கொள்வதுதான் காரணம். எங்கள் முறை அக்டோபர், நவம்பரில் வரும். வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவில் நேராக வந்து மோதும். 2009 நவம்பரில் பெய்த மழையை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இன்றைக்கும் ஐப்பசி, கார்த்திகையில் இரவெல்லாம் மழை அடித்தால், காலையில் எழுந்ததும் நாங்கள் கேட்பது, "மேட்டுப்பாளையம் ரோடு திறந்திருக்கா?" என்றுதான்.

அந்த மழை ஓய்ந்த பிறகு பாருங்கள், டிசம்பர் கடைசியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். விடியற்காலையில் புல்வெளிகளில் உறைபனி. அந்தக் குளிரில்தான் எங்கள் மலையின் பெரிய திருவிழாக்கள் எல்லாம் வருகின்றன. படுகர் இன மக்கள் வெள்ளை உடுத்தி, வெறுங்காலோடு பேரகணி ஹெத்தையம்மன் கோயிலுக்கு ஊர் ஊராக நடந்து வருவார்கள். அப்புறம் கோத்தர் பழங்குடி மக்களின் அய்யனோர் அம்மனோர் திருவிழா. கொள் என்கிற குழலும் கொம்பும் பறையும் சேர்ந்து ஒலிக்க, ஆண்களும் பெண்களும் தனித்தனி வட்டமாக ஆடுவார்கள். மே மாதத்தில் வருகிறவர்களுக்கு இதில் எதுவும் கண்ணில் படாது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

சரி, முன்னோடிகள் கதைக்கு வருவோம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்து, கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் ஒரு வீடு கட்டினார். பெத்தக்கல் பங்களா என்று சொல்வோம். உதகமண்டலம் என்ற நகரமே உருவாவதற்கு முன்னால் எழுந்த கட்டடம் அது. அங்கிருந்துதான் அவர் மேலே உதகைக்கு நகர்ந்தார். உருளைக்கிழங்கும் சீமைக் காய்கறிகளும் இந்த மண்ணுக்கு வந்ததில் அவர் பங்கு பெரிது. அந்த வீடு பல காலம் இடிந்து கிடந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகம் அதைச் சீர்செய்து கொடுத்தது. இப்போது அங்கே நீலகிரி ஆவணக் காப்பகத்தின் காட்சிக்கூடம் இருக்கிறது. பழைய படங்களும் மலைவாழ் மக்களின் பொருட்களும் வைத்திருக்கிறார்கள்.

சல்லிவனை நான் மதிக்கிறேன். இந்த நிலம் தோடர்களுக்கே சொந்தம், அவர்களுக்கு ஈடு கொடுக்காமல் எடுக்கக்கூடாது என்று தன் மேலதிகாரிகளோடு வாதாடியவர் அவர். ஆகவே அவரை முதல் மனிதர் என்று நாம் சொன்னால் அது அவருக்கே பிடித்திருக்காது என்று நினைக்கிறேன். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் தோடர்களை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றினான் என்று 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று சாம்ராஜ்நகர் பக்கம் இருக்கிறது. 1603-இல் பெனிசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் கேரளக் கரையிலிருந்து ஏறி வந்து தோடர்களையும் படுகர்களையும் சந்தித்து எழுதிவைத்திருக்கிறார். அந்த மக்கள் தங்களுக்குள் ஒரு கொடுக்கல் வாங்கலை வைத்திருந்தார்கள். தோடரிடமிருந்து நெய், படுகரிடமிருந்து சாமையும் மற்ற தானியமும், கோத்தரிடமிருந்து அரிவாள், மண்பானை, விழாவுக்கு இசை, குறும்பரிடமிருந்து தேன். காசு இல்லாமலே ஓடிய பொருளாதாரம்.

வெள்ளைக்காரர்களிலும் எல்லோரும் நினைக்கிற ஒரே பெயரைத் தாண்டி இன்னொருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த ஆசைப்படுகிறேன். மார்கரெட் காக்பர்ன். 1829-இல் சேலத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன், கோத்தகிரியில் காப்பித் தோட்டம் போட்டவர். கேத்தரின் அருவி என்று போர்டு பார்த்திருப்பீர்களே, அது காக்பர்னின் மனைவி பெயர். மகள் மார்கரெட் இதே ஊரில் 1860-களிலேயே தேயிலை பயிரிட்டார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அவர் பறவைகளை உட்கார்ந்து பார்த்து நீர்வண்ணத்தில் வரைந்ததுதான். கூடு எந்தச் செடியில், எத்தனை முட்டை, எந்த மாதம் என்று குறித்தும் வைத்தார். காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஏ. ஓ. ஹியூம் பெரிய பறவை ஆய்வாளரும்கூட. இந்தியப் பறவைகளின் கூடுகளைப் பற்றி அவர் தொகுத்த நூலில், கோத்தகிரி மிஸ் காக்பர்ன் சொன்னதாகப் பல குறிப்புகள் வருகின்றன. மார்கரெட் வரைந்த படங்கள் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் ஊர்ப் பள்ளிகளில் ஒரு சுவரிலாவது அந்தப் படங்களின் நகலை மாட்டிவைக்கலாமே என்று ரொம்ப நாளாக எனக்கு ஓர் ஆதங்கம்.

அவர் பார்த்த பறவைகள் இன்றும் இருக்கின்றன. லாங்வுட் சோலைக்குள் காலை ஏழு மணிக்குப் போய்ப் பேசாமல் நின்றால் நீலகிரிச் சிரிப்பான் கூட்டமாகக் கத்துவது கேட்கும். உலகத்தில் இந்த மலைத்தொகுதியைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை அது. டவுனை ஒட்டியே கிடக்கிற 116 ஹெக்டேர் காடு. கீழே இருக்கிற பல ஊர்களுக்கு அங்கிருந்துதான் தண்ணீர். விறகுக்கும் மாட்டுக்கும் அழிந்துகொண்டிருந்த அதை வனத்துறையோடு சேர்ந்து உள்ளூர்க்காரர்களே குழு அமைத்துக் காப்பாற்றினார்கள். 2024-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அதன் பெயர் ஏறியது.

இனி ஓவியத்துக்கு வருகிறேன். கோத்தகிரிக்குக் கீழே வெள்ளரிக்கொம்பையில் ஆலு குறும்பர் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அங்கே எழுத்துப்பாறை என்று ஒரு பாறை. அதில் முன்னோர் தீட்டிய உருவங்களின் தொடர்ச்சிதான் தாங்கள் வரைவது என்று அவர்கள் சொல்கிறார்கள். முன்பு கோயில் சுவரிலும் வீட்டுச் சுவரிலும் விழா நாட்களில் ஆண்கள் வரைவார்கள். இப்போது இளைஞர்களும் பெண்களும் தாளில் வரைகிறார்கள். செம்மண், வெள்ளை மண், அடுப்புக்கரி, இலைச்சாறு, மரப்பிசின். இவைதான் வண்ணம். மனித உடல் நாலைந்து கோட்டில் முடிந்துவிடும், முகத்தில் கண் மூக்குகூட இருக்காது. ஆனால் கொடி ஏணியைப் பிடித்துப் பாறை விளிம்பில் தொங்குகிற தேனெடுப்பவன் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் துளி பிசகு வராது. அந்த வேலையைச் செய்கிறவர்கள் கை அது. வெயில் காலம் முற்றும்போது மலைத்தேன் எடுப்பார்கள். அதற்கு முன்னால் நோன்பிருப்பார்கள், பாறைக்குப் பாட்டுப் பாடுவார்கள். படத்தில் அதுவும் வரும்.

இன்னும் கீழே, கரிக்கையூர் இருளர் குடியிருப்பைத் தாண்டி பொறிவரை இருக்கிறது. தென்னிந்தியாவின் பெரிய பாறை ஓவியத் தொகுதிகளில் ஒன்று. வெள்ளையிலும் காவியிலும் மாடுகள், மான்கள், வேட்டையாடும் ஆட்கள், நூற்றுக்கணக்கில். பல ஆயிரம் ஆண்டுப் பழமை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதன் மேல் மலையேறப் போனவர்கள் தங்கள் பெயரைக் கிறுக்கிவிட்டு வந்திருக்கிறார்கள். சில உருவங்களைச் சுரண்டியும் இருக்கிறார்கள். இதைச் சொல்லும்போதே எனக்கு மனசு ஆறவில்லை. இருநூறு வருடப் பங்களாவை நாம் இடிபாட்டிலிருந்து மீட்டோம். சுவர் இடிந்தால் திரும்பக் கட்டலாம். சுரண்டிய காவியைத் திரும்பப் பூச ஆள் கிடையாது.

கரிக்கையூர் இருளர் இளைஞர்களையே சம்பளத்துக்குக் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தக் காட்டின் தடம் அவர்களுக்குத்தான் தெரியும். கோத்தகிரி வட்டாரத் தலைமை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: இந்த ஜனவரியில் பிள்ளைகளை முதலில் பெத்தக்கல் பங்களாவுக்கு அழைத்துப் போங்கள், அடுத்த வாரம் வெள்ளரிக்கொம்பைக்குப் போய் ஓவியர்களோடு ஒரு நாள் உட்கார வையுங்கள். பொறிவரைக்குப் போவதென்றால் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பத்தைப் பள்ளியின் பெயரில் இப்போதே எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.