முதுகு சொறியும் நடனப்பெண்

நேயர்களுக்கு வணக்கம். ஓவியத்தைப் பற்றி வானொலியில் பேசுவது கொஞ்சம் வம்பான வேலைதான். அதனால் ஒரு படத்தை மட்டும் நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

பிரெஞ்சு ஓவியர் எட்கர் தெகா 1873இல் தொடங்கிய 'நடன வகுப்பு', பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாலே என்ற ஐரோப்பிய நடனம் பயிலும் கூடம். மெல்லிய வெள்ளைப் பாவாடையும் இடுப்பில் வண்ண நாடாவுமாகப் பெண்கள். நடுவில் தடியூன்றி நிற்கும் முதியவர் ஜூல் பெரோ, ஒரு காலத்தில் ஐரோப்பா கொண்டாடிய நடனக் கலைஞர். ஆனால் அவர் சொல்வதைப் பாதிப் பேர் காதில் போட்டுக்கொள்வதாகவே தெரியவில்லை. பியானோமேல் ஏறி உட்கார்ந்த ஒருத்தி கையைப் பின்னால் வளைத்து முதுகைச் சொறிகிறாள். கீழே ஒரு குட்டி நாய், பக்கத்தில் ஒரு பூவாளி. நடனக் கூடத்தில் பூவாளி எதற்கு? மரத்தரையில் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும், கால் வழுக்காது. தூரத்தில் சுவரோரம், மகள்களோடு துணைக்கு வந்த அம்மாக்கள்.

சரி, ஆட்டம் எங்கே? அதுதான் தெகா. மேடையில் ஆடுபவர்களையும் அவர் வரைந்திருக்கிறார். ஆனால் ஆடிக் களைத்த உடம்பை வரையும்போதுதான் அவர் கை நிஜமாகவே விளையாடுகிறது என்பேன். கொட்டாவி, வலிக்கும் கணுக்கால், அவிழ்ந்த நாடா, எதையும் விடமாட்டார். எட்டிப் பார்த்து அப்படியே பிடித்ததுபோல் இருக்கும். உண்மையில் ஏராளமான கோட்டோவியங்களை வைத்துக்கொண்டு தன் ஓவியக்கூடத்தில் உட்கார்ந்து கட்டியமைத்தவை அவை. வெட்டவெளியில் போய் வரைவதும் அவருக்குப் பிடிக்காது, அப்படி வெளியே போய் மாறும் ஒளியை வரைந்த ஓவியர் குழுவுக்கு உரிய இம்ப்ரஷனிஸ்ட் என்ற பட்டமும் பிடிக்காது!

அழகை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. தெகாவின் 'நட்சத்திரம்' என்ற படத்தில் ஒருத்தி ஒளியில் மிதக்கிறாள். பின்னால் திரை மறைவில் கறுப்பு உடுப்பில் ஓர் ஆண், முகம் தெரியாது. பாலே நடந்த பாரிஸ் ஓப்பரா அரங்குக்குச் சந்தா கட்டிய பணக்கார ஆண்கள் மேடைக்குப் பின்னால் தாராளமாகப் போய்வந்த காலம் அது. ஆடிய பெண்கள் பலரும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்.

அப்படி ஒருத்திதான் மரி வான் கூத்தெம். 'பதினான்கு வயதுச் சின்ன நடனக்காரி' என்று தெகா அவளை மெழுகில் வடித்து, நிஜ முடியும் துணிப் பாவாடையும் அணிவித்து 1881இல் காட்சிக்கு வைத்தார். அவலட்சணம் என்று விமர்சகர்கள் சீறினார்கள். இன்று பல நாடுகளில் நிற்கும் வெண்கல வார்ப்புகள், 1917இல் அவர் இறந்த பிறகு செய்தவை. அவர் கைபட்ட மெழுகுச் சிற்பம் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் முகத்தோடு நின்றுவிடாமல் பின்பக்கமும் சுற்றிப் பாருங்கள். விறைப்பாக நீட்டிக் கோத்த அந்தக் கைகளை வடிக்க அவர் பட்ட பாடு அங்கேதான் தெரியும். நன்றி, வணக்கம்.