அறுந்த வலைக்கு யார் பதில்?

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கமிருந்து வந்திருக்கிற சகோதர சகோதரிகளே,

தவக்காலம் வந்தால் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீளுகிறது. சந்தோஷம். உள்ளே போய் என்ன சொல்கிறோம்? “கோபப்பட்டேன், பொய் சொன்னேன், ரெண்டு ஞாயிறு பூசைக்குப் போகல சாமி.” முடிந்தது.

ராத்திரியில் விசைப்படகை ஓட்டி, நாட்டுப்படகுக்காரர் போட்டிருந்த வலையை அறுத்துக்கொண்டு வந்தோமே, அது எங்கே? ஏலத் தொகையைக் குறைத்துச் சொல்லி, கூட வந்தவர்களின் பங்கில் கை வைத்தோமே, அது? “தொழில்னா அப்படித்தான்” என்று அதற்கு மட்டும் தனிக் கணக்கு! சாமியாரிடம் சொல்ல வெட்கமில்லாத பாவங்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் போகிறோம்.

நற்செய்தியில் வரும் சகேயுவைப் பாருங்கள். “ஆண்டவரே, நான் பாவி” என்று பொதுவாகச் சொல்லி அவர் நிறுத்தவில்லை. லூக்கா 19-ஆம் அதிகாரம்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியது நான்கு மடங்காகத் திரும்பும். வரி வசூலித்தவர் அல்லவா, தொகையோடு பேசுகிறார். திருச்சபையின் மறைக்கல்வியும் அதைத்தான் கேட்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடு, கெடுத்த பெயரைச் சீராக்கு. பாவமன்னிப்பு வாங்கிவிட்டதால் இந்தக் கடன் தீராது.

நம் ஓரியூரையே எடுங்கள். மறவச் சிற்றரசர் தடியத்தேவர் மனம் திரும்பிக் கிறிஸ்தவரானபோது, ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்றார் மறைபரப்ப வந்த சாமியார் அருளானந்தர். தேவர் அதற்கு உடன்பட்டார். விலக்கப்பட்ட மற்ற மனைவிகளில் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப்பெண். முறையீடு அரண்மனைக்குப் போனது. 1693 பிப்ரவரி 4-இல் அருளானந்தர் தலை ஓரியூரில் வெட்டப்பட்டது. அவர் இரத்தம் பட்ட மண் என்று அங்கிருந்து செம்மண் அள்ளி வருகிறோம். ஒருவர் மனம் திரும்பியதற்கு இன்னொருவர் உயிரே விலையானதை யோசிப்பதில்லை. விலக்கப்பட்ட பெண்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. அதையும் பேசத்தான் வேண்டும்.

“வெளியே சொன்னால் மானம் போகுமே” என்பீர்கள். சாமியாரிடம் சொன்னது வெளியே வராது. அந்த இரகசியத்தை உடைக்க அவருக்கு அனுமதியே இல்லை. ஆகவே வலைக்காரரிடம் அவர் போய்ச் சொல்லப்போவதில்லை. நீங்கள்தான் போக வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். “கடலுக்குப் போயிட்டேன்” என்று சாக்குச் சொல்ல முடியாது. நாட்டுப்படகுகள் அப்போதும் போய் வரும். வலைக்காரர் கரையேறும் நேரம் உங்களுக்குத் தெரியும். வலைக்கான பணத்தோடு போங்கள்.