குழாய் ஒருத்தர்கிட்ட, கேஸ் இன்னொருத்தர்கிட்ட

(சமூக மன்றத்துல பேசினதைத்தான் இங்க எழுதியிருக்கேன், வர முடியாதவங்க கேட்டீங்கன்னு.)

பின்னாடி நிக்கிற தம்பிங்களா, முன்னாடி வாங்கப்பா, எவ்ளோ நாற்காலி காலியா கிடக்கு. மைக் கேக்குதா? சரி.

என் கையில இருக்கிற இந்த லெட்டர் 2021 அக்டோபர்ல எனக்கு வந்தது. அப்ப நான் நம்ம சிங்கப்பூர்ல கரண்ட் குடுக்கிற எஸ்பி குரூப்ப விட்டுட்டு ஒரு சின்ன கரண்ட் கம்பெனிக்கு மாறியிருந்தேன், பேரு வேணாம், ரெண்டு வருஷ ஃபிக்ஸட் ப்ளான், மாசம் பத்து பதினஞ்சு வெள்ளி மிச்சம்னு வீட்டுல பெருமையடிச்சுட்டு இருந்தேன். திடீர்னு "சேவைய நிறுத்துறோம், உங்க கணக்கு எஸ்பிக்கே போயிரும்"னு லெட்டர். என் வீட்டுக்காரம்மா ஒண்ணு கேட்டாங்க பாருங்க, "கரண்ட் ஒரு நிமிஷம்கூட நிக்கலையே, ஊரே வாங்குற சாமான விக்கிறவன் எப்படிங்க கடைய மூடுவான்?" அன்னைக்கு எனக்கு பதில் தெரியல, முழிச்சேன்.

நம்ம கரண்ட்ல நூத்துக்கு 95 பங்கு இயற்கை எரிவாயுவுலதான் வருது, நம்ம மண்ணுல அது துளிகூட கிடையாது. 1992ல மலேசியாவுலருந்து குழாய் வந்துச்சு, 2001ல இந்தோனீசியாவோட மேற்கு நத்துனாவுலருந்து கடலுக்கு அடியில 600 கிலோமீட்டருக்கு மேல இழுத்தாங்க, 2003ல தெற்கு சுமத்ரா. இந்த மாதிரி குழாய் சம்பந்தம் பண்ணிக்கிற மாதிரி, ஒரு தடவ போட்டுட்டா விக்கிறவரால வேற ஆளுக்கு விக்க முடியாது, நம்மளால வேற ஆள்கிட்ட வாங்க முடியாது, அதனாலதான் இருபது வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு விலையையும் எண்ணெய் விலையோட முடிச்சு போட்டு வச்சாங்க. எரிவாயுவுக்குன்னு தனியா ஒரு சந்தை விலையே அப்ப நம்ம பக்கம் கிடையாது.

சரி, சந்தை எப்படி வரும்? தேக்கா மார்க்கெட்ட நினைச்சுக்குங்க. கறிக்கடைக்காரர் ஒருத்தரே உள்ள போற வாசலையும் நடைபாதையையும் சொந்தமா வச்சிருந்தா பக்கத்து கடைக்காரருக்கு ஆடு உள்ள வருமா? வராதுல்ல. எரிவாயு சீர்திருத்தம்னு பெரிசா பேசுறாங்களே, அதோட உயிர் இந்த வாசல்தான், அதாவது குழாய் யார் கையில இருக்குங்கிறதுதான். அமெரிக்காவுல 1985லயே வாசல கொஞ்சம் திறந்துட்டாங்க, 1992ல அவங்க ஃபெடரல் ஆணையம் ஆர்டர் 636னு ஒண்ணு போட்டு, குழாய் வச்சிருக்கிற கம்பெனி எரிவாயு விக்கிறதையும் கொண்டுபோறதையும் தனித்தனியா பிரிக்கணும்னு சொல்லிருச்சு. பிரிட்டன்காரங்க 1986ல பிரிட்டிஷ் கேஸ்ங்கிற அரசாங்க கம்பெனிய துண்டு போடாம அப்படியே முழுசா வித்துட்டாங்க, அரசாங்க முதலாளி போயி தனியார் முதலாளி வந்தாரு, அவ்ளோதான், அத பிரிச்சு முடிக்க இன்னும் பத்து வருஷம் ஆச்சு. நாம அந்த தப்ப பண்ணல. 2001ல எரிவாயு சட்டம், 2008ல குழாய் வலையமைப்புக்கு தனி விதிமுறை, குழாய் பவர்கேஸ்ங்கிற கம்பெனிகிட்ட, அவங்க எரிவாயு வியாபாரம் பண்ணக்கூடாது, வாடகை குடுத்தா யாரோட எரிவாயுவையும் கொண்டுபோகணும்.

அப்புறம் 2013ல ஜூரோங் தீவுல எல்என்ஜி, அதாவது திரவமாக்கின எரிவாயு, கப்பல்ல வந்து இறங்குற முனையம். எரிவாயுவ மைனஸ் 162 டிகிரிக்கு குளிர வச்சா தண்ணி மாதிரி ஆயிரும், இடமும் அறுநூத்துல ஒரு பங்குதான் பிடிக்கும், கப்பல்ல ஏத்திரலாம். கப்பல் வந்தப்புறம் சம்பந்தி தொல்லை இல்ல, கத்தார்லயும் வாங்கலாம், ஆஸ்திரேலியாவுலயும் வாங்கலாம், அமெரிக்காவுலயும் வாங்கலாம். ஆனா பழைய ஒப்பந்தங்கள்ல "இந்த துறைமுகத்துலதான் இறக்கணும், வேற ஆளுக்கு கைமாத்தக்கூடாது"ன்னு ஒரு வரி இருக்கும், மாசக்கணக்கா ரெண்டு பக்கமும் மல்லுக்கட்டுறது அந்த ஒரு வரிக்காகத்தான். ஜப்பானோட போட்டி ஆணையம் 2017ல இது போட்டிச் சட்டத்துக்கு ஒத்துவராம போகலாம்னு சொன்னப்புறம்தான் ஆசியாவுல வாங்குறவங்களுக்கு கொஞ்சம் தெம்பு வந்துச்சு. என்னைக் கேட்டா நாடுகளுக்கு இடையில ஒத்துழைப்புங்கிறது மாநாட்டு மேடையில கைகுலுக்குறதுல இல்ல, இந்த மாதிரி ஒரு வரிய எடுக்குறதுலதான் இருக்கு.

இப்ப வீட்டுக்காரம்மா கேள்விக்கு வாறேன். எங்க வேணா போகலாம்னு ஆன கப்பல் விலை கூடுன பக்கம்தானே போகும்? 2021 கடைசியில ஐரோப்பா, சீனா, ஜப்பான்னு எல்லாரும் ஒரே நேரத்துல கைய நீட்டுனாங்க, விலை ராக்கெட் மாதிரி போச்சு, அதே சமயம் நத்துனாவுலருந்து வரத்து குறைஞ்சுச்சு, சுமத்ரா குழாயிலயும் அழுத்தம் இறங்கிருச்சு. இங்க ஹோல்சேல் கரண்ட் விலை அரைமணிக்கு ஒருதடவ மாறும். என்கிட்ட ரெண்டு வருஷத்துக்கு ஒரே விலைன்னு கையெழுத்து போட்ட ஆளு அரைமணி விலைக்கு வாங்கி வித்துட்டு இருந்திருக்காரு, நாளைக்கு விலை ஏறுனா என்ன பண்றதுன்னு முன்கூட்டி போதுமான அளவுக்கு வாங்கி வைக்கல. கரண்ட் நிக்கல, கடைதான் நின்னுச்சு.

அதுக்கப்புறம் அரசாங்கம் அவசரத்துக்கு எல்என்ஜி கையிருப்பு ஏற்பாடு பண்ணுச்சு, 2023 அக்டோபர்ல மின் உற்பத்திக்கு வேண்டிய எரிவாயுவ எல்லாரும் தனித்தனியா வாங்காம ஒரே அமைப்பு மொத்தமா வாங்கும்னு அறிவிச்சாங்க. நம்ம நண்பர்கள் சில பேரு "இது திறந்த கதவ திரும்ப மூடுறது"ன்னு கோவப்படுறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். குழாய் இன்னும் பொதுவாத்தான் இருக்கு, கரண்ட் கடைகளும் இருக்கு, வெளியில போயி பேரம் பேசுறப்ப மட்டும் சின்ன ஊர்க்காரங்க பத்து பேரு பத்து பையத் தூக்கிட்டு போகாம ஒரு பெரிய பையோட போறோம். ஆனா அந்த ஒரே பை தப்பான விலைக்கு வாங்கிட்டா மொத்த தீவும் கட்டணும், அந்த பயம் எனக்கும் உண்டு.

கேள்வி இருந்தா கேளுங்க. இல்லக்கா, நான் இன்னும் எஸ்பியிலதான் இருக்கேன். இந்த லெட்டர எங்க வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல காந்தம் வச்சு ஒட்டி வச்சிருக்காங்க, இன்னைக்கு உங்களுக்கு காட்டணும்னு அனுமதி வாங்கி எடுத்துட்டு வந்தேன், ராத்திரிக்குள்ள திரும்ப ஒட்டிரணும்.