பைக்காரா நீர்: அருவியிலும் குழாயிலும்

[காட்சி: மழைக்காலத்தில் பைக்காரா அருவி. இரைச்சல் மெல்லத் தணிய, குரல் தொடங்குகிறது.]

தென்மேற்குப் பருவமழை வலுக்கும் நாள்களில் நீலகிரியின் பைக்காரா அருவியைக் காண வருகிறவர்கள், அதன் வெண்ணுரையையும் இரைச்சலையும் நீரின் வலிமையாகவே எண்ணி வியக்கிறார்கள். உண்மையில் அந்த நுரையும் இரைச்சலும், உயரத்தில் இருந்ததால் கிடைத்த ஆற்றலை நீர் சிதறவிடுவதன் அடையாளங்கள். அதே ஆற்றின் நீர், மலைமேல் உள்ள கிளன்மார்கனிலிருந்து மலையடிவாரத்துச் சிங்காராவுக்கு இரும்புக் குழாய்களுக்குள் இறங்கி, 1932 முதல் மின்சாரம் தந்துவருகிறது. நீர், காற்று போன்றவற்றின் ஓட்டத்தை ஆராயும் பாய்மவியலின் பெரிய வியப்பு, அருவியைவிட அந்தக் குழாய்களுக்குள்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

[காட்சி: அருவித் தாரை துளிகளாக உடைவது, மெதுவான ஓட்டத்தில்.]

காற்றில் விழும் துளியின் வேகம் ஓர் அளவுக்கு மேல் கூடுவதில்லை. காற்றின் தடை துளியின் எடைக்குச் சமமானதும் வேகம் நிலைத்துவிடுவதால், எவ்வளவு பெரிய மழைத்துளியும் நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில்தான் தரையை வந்தடைகிறது. அருவியிலிருந்து சிதறும் துளிகளுக்கும் இதே கதிதான். தாரையாகவே விழும் நீரின் வேகமும் பாறையில் மோதிச் சுழல்களாகி, முடிவில் வெப்பமாகிறது. 50 மீட்டர் விழுந்த நீரின் வெப்பநிலை இதனால் ஏறத்தாழ 0.1 டிகிரி செல்சியஸ் மட்டுமே உயரும்.

[காட்சி: மலைச்சரிவில் இறங்கும் குழாய்கள், பக்கத்தில் அழுத்த வரைபடம்.]

குழாய்க்குள் நடப்பது வேறு. அங்கே நீர் வேண்டுமென்றே மெதுவாக ஓடவிடப்படுகிறது, ஏனெனில் வேகம் இருமடங்கானால் உராய்வு இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். நீரின் வேகமாக மாறாத ஆற்றல் அழுத்தமாகச் சேர்கிறது. குழாய் எவ்வளவு சாய்ந்திருந்தாலும், எவ்வளவு அகலமாக இருந்தாலும், அழுத்தத்தைத் தீர்மானிப்பது செங்குத்து உயரம் ஒன்றே. இங்கே அந்த உயரம் 900 மீட்டருக்கும் மேல் என்பதால், அடிமுனையில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் 90 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தம் நிற்கிறது. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல இது நாற்பது மடங்குக்கும் மேல்.

இந்த அழுத்தம், குழாய் முனையில் உள்ள நாசில் எனப்படும் குறுகிய வாயில்தான் நீரின் வேகமாக மாறுகிறது. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் டோரிசெல்லி கண்ட விதிப்படி, உராய்வைக் கழிக்காமல் கணக்கிட்டால், தாரை நொடிக்குச் சுமார் 130 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 470 கிலோமீட்டர் வேகத்தில் வெளிப்பட வேண்டும்.

[காட்சி: பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்கள், நெருக்கத்தில்.]

இத்தகைய தாரைக்கு ஏற்றது, அமெரிக்கரான லெஸ்டர் பெல்டன் 1880இல் காப்புரிமை பெற்ற சக்கரம். அதன் ஒவ்வொரு கிண்ணத்தின் நடுவிலும் உள்ள கூரிய விளிம்பு தாரையை இரண்டாகப் பிளந்து, வந்த திசைக்கே ஏறக்குறைய முழுமையாகத் திருப்பிவிடுகிறது. கிண்ணம் தாரையின் வேகத்தில் பாதி வேகத்தில் நகர்ந்தால், திரும்பும் நீருக்குத் தரையைப் பொறுத்தவரை வேகம் ஏதும் மிஞ்சாது. தன்னிடம் இருந்ததைச் சக்கரத்திடம் கொடுத்துவிட்டு அது கீழே விழுந்துவிடும். நீரின் ஆற்றலைப் பிடித்துக்கொள்வதற்கு இவ்வளவு எளிமையும் அழகும் கொண்ட வேறோர் அமைப்பை நான் அறியேன்.

[காட்சி: வீட்டுக் குழாயை ஒரு கை சட்டென்று மூடுகிறது, சுவருக்குள் 'டக்' என்ற ஒலி.]

வீட்டில் கேட்கும் இந்த ஒலிதான் மின் நிலையத்தில் பேராபத்தாக வளர்கிறது. ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினால், அழுத்த அலை ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் வேகத்தில் குழாயில் பின்னோக்கி ஓடும். 1898இல் ரஷ்ய அறிஞர் ஜூகோவ்ஸ்கி வெளியிட்ட சமன்பாட்டின்படி, நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வரும் நீரை அப்படி நிறுத்தினால், முன்பே இருக்கும் அழுத்தத்தோடு சதுர சென்டிமீட்டருக்கு மேலும் 30 கிலோ சேர்ந்துவிடும். ஆகவே மின்தேவை சட்டென்று குறையும்போது பெல்டன் சக்கரங்களில் நீரை உடனே நிறுத்துவதில்லை. முதலில் ஒரு தகடு குறுக்கே வந்து தாரையைச் சக்கரத்திலிருந்து விலக்குகிறது, நாசிலுக்குள் இருக்கும் ஊசி அதன் பிறகே நிதானமாக நகர்ந்து வாயை அடைக்கிறது.