ஒரே வகுப்புல உக்கார வெச்சா போதுமா?

[காட்சி: பள்ளியின் சாப்பாட்டு ஹால், மேலிருந்து. மேசைகள் காலியாக இருக்கின்றன.]

பல இனக்குழுப் பிள்ளைங்க சேர்ந்து படிக்கிற ஒரு பள்ளிக்கூடம். கிளாஸ்ல டீச்சர் எல்லாரையும் கலந்துதான் உக்கார வெச்சிருக்கார். மணி அடிக்குது. சாப்பாட்டு ஹாலுக்கு வர்றாங்க. அஞ்சே நிமிஷம். இந்த மேசையில ஒரு கூட்டம், அந்த மேசையில இன்னொரு கூட்டம். யாரும் பிரிச்சு விடல, தானாவே பிரிஞ்சுட்டாங்க.

ஒண்ணா படிச்சா வேத்துமை தன்னால போயிடும்னு நினைக்கிறவங்க இந்த ஹாலுக்கு ஒரு தடவை வந்து பாக்கணும்.

[காட்சி: திரையில் 1954]

கறுப்பினப் பிள்ளைங்களுக்குத் தனிப் பள்ளி, வெள்ளையினப் பிள்ளைங்களுக்குத் தனிப் பள்ளிங்கிறது செல்லாதுன்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 1954ல. அதே வருஷம் கார்டன் ஆல்போர்ட்ங்கிற உளவியலாளர், ரெண்டு குழு பழகினா தப்பெண்ணம் குறையும்னு எழுதினார். இதை எடுத்துச் சொல்ற பலபேர் இந்த இடத்தோட நிறுத்திடுவாங்க. அவர் நிபந்தனையும் போட்டிருந்தார். ரெண்டு பக்கமும் சம அந்தஸ்து இருக்கணும். பொதுவா ஒரு இலக்கு இருக்கணும், அதுக்காகச் சேர்ந்து உழைக்கணும். பொறுப்புல இருக்கிறவங்க இதுக்குத் துணை நிக்கணும்.

நிபந்தனை எதுவும் இல்லாம சும்மா கிட்ட கொண்டு வந்தா? அதுக்கும் 1954லயே ஒரு சோதனை நடந்துச்சு. அமெரிக்காவோட ஓக்லஹோமாவுல முசாஃபர் ஷெரிஃப்ங்கிற உளவியலாளர் நடத்தின கோடை முகாம். 11 வயசு வாக்குல 22 பையன்க. இனம், மதம், வசதி எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரெண்டு அணியா பிரிச்சுப் போட்டி வெச்சதும், ஒருத்தர் கொடியை இன்னொருத்தர் எரிக்கிற அளவுக்குப் பகை முத்திருச்சு. சரி, ஒண்ணா சாப்பிட வெச்சு, ஒண்ணா படம் காட்டுவோம்னு பார்த்தாங்க. சாப்பாட்டைத் தூக்கி ஒருத்தர் மேல ஒருத்தர் எறிஞ்சதுதான் மிச்சம். அப்புறம் முகாமுக்குத் தண்ணி வராம போச்சு. அதையும் ஆய்வாளர்களேதான் ஏற்பாடு பண்ணாங்க. எங்க அடைச்சிருக்குன்னு ரெண்டு அணியும் சேர்ந்து தேட வேண்டியதாச்சு. இந்த மாதிரி வேலை ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்த பிறகுதான் பகை தணிஞ்சுச்சு. ஷெரிஃப் இதை நடத்தின விதத்து மேல விமர்சனம் நிறைய இருக்கு, அது நியாயமும்கூட.

[காட்சி: ஒரு வகுப்பறை. ஆறேழு கைகள் உயர்கின்றன.]

இப்ப டெக்சஸ்ல இருக்கிற ஆஸ்டின் நகரத்துக்கு வருவோம். 1971. வெள்ளையின, கறுப்பின, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைங்க முதல் தடவையா ஒரே வகுப்புக்கு வந்திருக்காங்க. ஒரே அடிதடி. எலியட் ஆரன்சன்ங்கிற உளவியலாளரைக் கூப்பிட்டாங்க. அவர் பிள்ளைங்களுக்கு அறிவுரை எதுவும் சொல்லல. வகுப்புல உக்காந்து பாடம் எப்படி நடக்குதுன்னு பார்த்தார்.

டீச்சர் கேள்வி கேக்குறார். ஆறேழு கை எழும்புது. ஒருத்தனைக் கூப்பிட்டதும் மத்தவங்க முகம் தொங்கிப் போகுது. அவன் தப்பா சொல்லணும், அப்பத்தான் நமக்கு வாய்ப்பு. அதாவது பக்கத்துல இருக்கிறவன் தோக்கணும்னு பிள்ளைங்க தினம் ஆறு மணி நேரம் பழகுறாங்க. வகுப்போட மொழி சரளமா வராத பிள்ளை கையே தூக்காது. “மக்கு”ன்னு மத்தவங்க முடிவு கட்டிடுவாங்க. தப்பெண்ணம் வீட்டுலேருந்து மட்டும் வரலைங்க, பாடம் நடத்துற முறையும் அதுக்குத் தண்ணி ஊத்துது.

ஆரன்சன் குழு செஞ்ச மாத்தம் ரொம்பச் சின்னது. அஞ்சாறு பேர் கொண்ட கலப்புக் குழு. ஒரு பாடத்தைத் துண்டு போட்டு ஆளுக்கு ஒண்ணு. உன் துண்டு உன்கிட்ட மட்டும்தான் இருக்கு, நீ சொல்லிக் கொடுத்தாத்தான் மத்தவங்களுக்குத் தெரியும். பரீட்சை மொத்தப் பாடத்துலேருந்தும் வரும். துண்டுகளைச் சேர்த்துப் படம் ஆக்குற ஜிக்சா புதிர் மாதிரி இருக்கிறதால, இதுக்குப் பேரு ஜிக்சா வகுப்பு.

முதல் சில நாள் சரியா வரல. ஆங்கிலம் தடுமாறுற ஒரு பையன் தன் துண்டைச் சொல்லத் திணறினான், மத்தவங்க கேலி பண்ணாங்க. ஆனா கேலியால பரீட்சைக்கு ஒரு வரிகூடத் தேறாதே! மெல்ல மெல்ல, அவன்கிட்ட எப்படிக் கேட்டா விஷயம் வரும்னு கேள்வி கேக்கக் கத்துக்கிட்டாங்க. கேள்வி கேக்கக் கேக்க அவன் பேச்சும் தெளிஞ்சுச்சு. சில வாரத்துல குழுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுப் போனதா அந்த ஆய்வு சொல்லுது. இதே முறையைப் பின்னாடி வேற இடங்கள்ல செஞ்சு பார்த்தப்போ பலன் ஒரே மாதிரி வரல, அதையும் சொல்லிடணும்.

[காட்சி: சிறு சிறு புள்ளிகள் சேர்ந்து ஒரு வரைபடமாகின்றன.]

குழுக்கள் பழகுறதைப் பத்தின 515 ஆய்வுகளை 2006ல தாமஸ் பெட்டிக்ரூ, லிண்டா டிராப்ங்கிற உளவியலாளர்கள் திரட்டிப் பார்த்தாங்க. பழக்கம் கூடுற இடத்துல தப்பெண்ணம் பொதுவா குறைவாத்தான் இருந்துச்சு. உடனே கை தட்டிடாதீங்க. மனசுல காழ்ப்பு இல்லாத பிள்ளைதான் முதல்ல போய்ப் பழகும். அப்ப எது காரணம், எது விளைவு? யார் யாரோட பழகணும்னு குலுக்கல் முறையில பிரிச்ச ஆய்வுகள் ரொம்பக் கம்மி. அதை மட்டும் தனியா எடுத்து 2019ல பார்த்தப்போ, இன விஷயத்துல பலன் இன்னும் பலவீனமாத்தான் தெரிஞ்சுச்சு.

சரி, பழகினா உள்ளுக்குள்ள என்னதான் மாறுது? “அவங்க பண்பாட்டைத் தெரிஞ்சுக்கிட்டேன்”ங்கிற அறிவு செய்யுற வேலை கம்மிதான். பதற்றம் இறங்குறதும், அவங்க இடத்துல நின்னு பாக்கத் தோணுறதும்தான் அதிகம் வேலை செய்யுது. பண்பாட்டு தினம்னு வேஷம் கட்டி மேடை ஏத்துறதுல எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லாததுக்குக் காரணம் இதுதான்.

பதற்றம்னா என்ன? தப்பா ஏதாவது சொல்லிடுவோமோ, சேத்துக்க மாட்டாங்களோங்கிற பயம். அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள்கிட்ட நிக்கோல் ஷெல்டன், ஜெனிஃபர் ரிச்சசன்ங்கிற உளவியலாளர்கள் செஞ்ச ஆய்வு 2005ல வந்துச்சு. ரெண்டு இனத்தாருக்கும் பழக ஆசை இருக்கு. ஆனா ரெண்டு பக்கமும் “நமக்கு ஆசைதான், அவங்களுக்குத்தான் இஷ்டமில்ல”ன்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க.

[காட்சி: மீண்டும் சாப்பாட்டு ஹால். ஒரு மேசை மட்டும் நெருக்கத்தில்.]

இன்னொரு கணக்கும் இருக்கு. பழக்கத்தால வர்ற பலன் பெரும்பான்மைப் பிள்ளைங்ககிட்டதான் அதிகம், சிறுபான்மைப் பிள்ளைங்ககிட்ட குறைவு. யோசிச்சா ஆச்சரியமில்ல. முப்பது பேர் வகுப்புல நாலு பேரா இருக்கிற பிள்ளை, மத்த இனத்தாரோட காலையிலேருந்து பழகிக்கிட்டுத்தான் இருக்கு. பேரைத் தப்பா கூப்பிடுறது, அதுக்கு எழுற சிரிப்பு, எல்லாமே பழக்கத்துலதான் சேர்த்தி.

அந்தப் பிள்ளைக்குத் தன் ஆளுங்களோட உக்கார்ற மேசை, தன்னை யாருக்கும் விளக்க வேண்டியிருக்காத அரைமணி நேரம். அதனால “நாளையிலேருந்து எல்லா மேசையும் கலந்துதான் உக்காரணும்”னு ஒரு பள்ளி உத்தரவு போட்டா எனக்குச் சங்கடமா இருக்கும். மேசையை விட்டுட்டு, மணி அடிக்கிறதுக்கு முன்னாடி முடிஞ்ச பீரியட்ல யார் கை தூக்கினாங்க, யார் தூக்கலைன்னு முதல்ல பாக்கலாம்.

[காட்சி: மணி அடிக்கிறது. நாற்காலிகள் நகரும் சத்தம்.]