நிறுத்தத் தெரிந்த உழைப்பே நிறைவு தரும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘நிறைவான வாழ்வைத் தருவது ஓயாத உழைப்பா, நிறுத்தத் தெரிந்த உழைப்பா?’ என்பது தலைப்பு. ‘ஓயாத உழைப்பே’ என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். அதிக நேரம் உழைப்பவன் அதிகம் சாதிப்பான். எடுத்த முடிவில் தலைவன் பின்வாங்கக் கூடாது. இப்போது உழைத்தால் பிறகு வாழ்ந்துகொள்ளலாம். இவைதான் அவருடைய வாதங்கள். நீங்கள் மணி அடித்த பிறகும் அவர் விடாமல் பேசினார். அந்த விடாமுயற்சியைப் பாராட்டுகிறேன். ஆனால் மணிக்குப் பிறகு அவர் பேசியதில் ஒரு வரியாவது இந்த அவையில் யாருக்கேனும் நினைவிருக்கிறதா?

நேரக் கணக்கையே பார்த்துவிடுவோம். முதல் உலகப்போரில் பிரிட்டனின் போர்த் தளவாடத் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடின. போர்முனையில் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு, ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை. தொழிலாளர்களின் உடல்நிலையை ஆராய 1915-இல் அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு திரட்டிய விவரங்களை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஜான் பென்கவல் 2014-இல் மறுபடி எடுத்து அலசினார். வாரத்துக்கு ஏறத்தாழ 50 மணி நேரத்தைத் தாண்டியதும், ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் உற்பத்தி சரிகிறது. 70 மணி நேரம் உழைத்துச் செய்ததும், 56 மணி நேரம் உழைத்துச் செய்ததும் ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் இருக்கும் 14 மணி நேரம் எங்கே போனது? தொழிலாளியின் உடம்பிலிருந்து கழிந்தது. குண்டாக வந்து சேரவில்லை. நாட்டுக்கே ஆபத்து என்ற நேரத்தில் உழைத்தவர்கள் அவர்கள். ஊக்கம் போதவில்லை என்று எதிரணியினர் தப்பிக்க முடியாது.

‘நிறுத்துவதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு; அன்றாடங்காய்ச்சிக்குக் கட்டுப்படியாகுமா?’ என்று எதிரணித் தோழி கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒரே நல்ல கேள்வியும் அதுதான். அதனால்தான் அந்தப் பொறுப்பைத் தனி ஆளின் தலையில் கட்டாமல் விதியாகவே எழுதினார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-இல் நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே, தொழிற்சாலை வேலைக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்புதான். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று அதே அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 2021-இல் தெரிவித்தன. சேமிப்பில்லாத வீட்டில் சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் என்ன ஆகும்? அதுதான் கட்டுப்படியாகாது, தோழி!

அடுத்து, பின்வாங்காத தலைவர். 1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் சேலஞ்சர் விண்ணோடம் கிளம்ப வேண்டும். ஏற்கெனவே பலமுறை தள்ளிப்போன பயணம். அதை மேலே உந்தும் பூஸ்டர் ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தையகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் நாசா அதிகாரிகளோடு தொலைபேசியில் பேசுகிறார்கள். ராக்கெட்டின் பகுதிகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் அனல் வாயு கசியாமல் அடைப்பவை ரப்பர் வளையங்கள். குளிரில் ரப்பர் விறைத்துவிட்டால், இணைப்பு விரியும் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. வெப்பநிலை 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா தரப்பு எரிச்சல் காட்டியது. நிறுவனத்தார் தொலைபேசித் தொடர்பைச் சற்று நேரம் நிறுத்திவைத்துத் தங்களுக்குள் கலந்து பேசினார்கள். அப்போது பொறியியல் பிரிவின் துணைத் தலைவரிடம் மேலதிகாரி ஒருவர் சொன்னது விசாரணையில் பதிவாகியிருக்கிறது: ‘பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியை மாட்டிக்கொள்ளுங்கள்.’ நான்கு நிர்வாகிகள் கூடி, ஏவலாம் என்று முடிவெடுத்தார்கள். வளையத்தைப் பற்றி நன்கு அறிந்த பொறியாளர்களிடம் வாக்குக் கேட்கவே இல்லை. மறுநாள், கிளம்பிய 73-ஆவது விநாடியில் விண்ணோடம் சிதறியது. 7 பேர் உயிரிழந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் சோம்பேறி என்று யாரைக் காட்டுவீர்கள்? உழைப்புக்கும் குறைவில்லை, துணிச்சலுக்கும் பஞ்சமில்லை. ‘வேண்டாம், நிறுத்துங்கள்’ என்று கீழிருந்து குரல் வந்தபோது அதற்குக் காதுகொடுக்கும் தலைமைதான் இல்லை.

டொயோட்டா தொழிற்சாலைக்கு வாருங்கள். ஓடும் உற்பத்தி வரிசையின் ஓரமாக ஒரு கயிறு இருக்கும்; சில ஆலைகளில் இப்போது அதற்குப் பதில் பொத்தான். கோளாறைக் கண்ட தொழிலாளி யாரானாலும் இழுக்கலாம், அழுத்தலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். கார் அந்தக் கட்டத்தைத் தாண்டுவதற்குள் கோளாறு சரியாகவில்லை என்றால் வரிசையே நின்றுவிடும். கடைநிலைத் தொழிலாளியின் கையில் அத்தனை அதிகாரம்! கயிறு கட்டியதால் அந்த நிறுவனம் நொடித்துப்போய்விடவில்லை, நடுவர் அவர்களே.

மிச்சம் இருப்பது ‘பிறகு வாழ்ந்துகொள்ளலாம்’ என்ற ஆறுதல். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு ஒன்று இருக்கிறது. வசதியான மாணவர்களை மட்டும் பார்த்த ஆய்வு என்று எதிரணியினர் ஒதுக்கிவிட வேண்டாம். பாஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த சிறுவர்களும் பின்னர் அதில் சேர்ந்தார்கள். 50 வயதில் தங்கள் உறவுகளில் அதிக நிறைவு கண்டவர்களே 80 வயதில் அதிக நலத்தோடு இருந்தார்கள். அதாவது, எதிரணியினர் ‘பிறகு’ என்று சொல்லும் காலம், ஓடிக்கொண்டிருக்கும் இந்த வயதிலேயே தீர்மானமாகிவிடுகிறது. பணி ஓய்வு பெற்ற மறுநாள் காலை, ‘எனக்கு நான்கு நண்பர்கள் வேண்டும்’ என்று யாரிடம் விண்ணப்பம் கொடுப்பது? அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் இதற்கு மட்டுமாவது பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.